மீன்சட்டியும் கணக்குக் கொப்பியும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக மீன் சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பங்கள் எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி (கல்லடி): கடையைத் தொடங்கியவர் அப்பப்பா. இப்போது அப்பா காய்ச்சுகிறார். எல்லாம் கண்ணளவு, கையளவுதான். நான் அதே நண்டுக் கறியைக் காய்ச்சினால் வழக்கமாக வருகிறவர்கள், "அப்பா இன்றைக்கு இல்லையோ?" என்று கேட்கிறார்கள். அளவு கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இதை எப்படி எழுதி எடுப்பது?

பதில்: அவரிடம் கேட்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். கையளவில் பழகியவர் வாயால் சொல்லும் அளவும் கையால் போடும் அளவும் ஒத்து வராது. ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு ஒன்று வாங்குங்கள். அடுப்பு மூட்டுமுன் தூள் டப்பா, உப்புப் போத்தல், கரைத்த புளி, முதற்பால், இரண்டாம்பால், உரித்த வெங்காயம், உள்ளி எல்லாவற்றையும் பாத்திரத்தோடு தனித்தனியே நிறுத்து எழுதிவிட்டு, அவரைத் தன்பாட்டில் காய்ச்ச விடுங்கள். சட்டி இறங்கியபின் மிச்சத்தை நிறுத்துக் கழித்தால் அவர் போட்டது எவ்வளவு என்று தெரியும். இதைக் குறைந்தது 5 நாள் செய்து, எல்லாவற்றையும் 1 கிலோ நண்டுக்கு என்று மாற்றிச் சராசரி எடுங்கள்.

நிறை தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மற்றப் பாதி நேரமும் நெருப்பும். தூள் போட்டது எத்தனையாவது நிமிடம், பால் விட்டபோது நெருப்பைக் குறைத்தாரா, மூடி போட்டாரா என்பதையும் பக்கத்தில் நின்று குறியுங்கள். அநேக வீடுகளில் மகன் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு தருகிறோம். 2 கிலோ நண்டுக்குச் சின்ன வெங்காயம் 200 கிராம், உள்ளி 40 கிராம், இஞ்சி 15 கிராம், வறுத்து அரைத்த கறித்தூள் 50 கிராம், மஞ்சள் ஒரு தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, பழப்புளி 30 கிராம், உப்பு 25 கிராம். 2 தேங்காயில் பிழிந்த முதற்பால் 400 மில்லிலீற்றர், இரண்டாம்பால் 800 மில்லிலீற்றர். கடைசியில் இரண்டு கைபிடி முருங்கை இலை. இரண்டாம்பாலும் தூளும் புளியும் கொதித்ததும், தட்டி வைத்த பெரிய கால்களை முதலில் போட்டு 5 நிமிடம் விட்டுப் பிறகு உடல் துண்டுகளைப் போடுங்கள். மேலும் 10 முதல் 12 நிமிடம். முதற்பாலை விட்டபின் சட்டி பொங்கிக் கொதிக்கவே கூடாது, ஓரத்தில் குமிழி தெரிந்தால் போதும். நெருப்பு கூடினால் பாலில் உள்ள புரதம் இறுகி எண்ணெய் தனியே பிரியும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. தேசிப்புளி விடுவதென்றால் அடுப்பால் இறக்கிய பிறகுதான்.

இன்னொன்று. 5 நாளில் ஒருநாள் அப்பா உப்பைக் கூட்டியோ குறைத்தோ போட்டிருந்தால் அதைத் தவறென்று தள்ளிவிடாதீர்கள். மாரியில் ஆறுகளின் வெள்ளம் இறங்கி வாவித் தண்ணீரின் உவர்ப்புக் குறையும். அந்த நாட்களில் வாவி நண்டும் இறாலும் சப்பென்று இருக்கும். உவர்த் தண்ணீரில் வாழும் நண்டு, அந்த உப்பை ஈடுகட்டத் தன் தசையில் சேர்க்கும் பொருட்கள்தான் நாக்குக்கு இனிப்பாகத் தெரிகின்றன. உவர்ப்பு குறைந்தால் அவையும் குறையும். பழகிய சமையற்காரர் ருசி பார்த்து அதைக் கைக்குள் சரிசெய்துவிடுவார். ஆகவே கொப்பியில் நண்டு எங்கே, எந்த மாதம் பிடித்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி (கல்முனை): வாப்பா காலத்திலிருந்து எங்கள் கடையின் சூரை ஆணத்துக்கு நல்ல பெயர். போன மாதம் அதைச் சாப்பிட்ட நாலு பேருக்கு அரை மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலையிடித்தது. மீன் நாறவும் இல்லை, நன்றாக வெந்தும் இருந்தது. என்ன நடந்திருக்கும்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஹிஸ்டமின் நஞ்சோடு பொருந்துகின்றன. சூரை, கும்பளா, அறுக்குளா, சாளை, கீரி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் கூடுதலாக உண்டு. மீன் வெயிலிலோ வெக்கையிலோ சில மணித்தியாலம் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். அதற்கு நாற்றம் கிடையாது, நிறமும் கிடையாது. சில வேளை நாக்கில் மிளகு கடித்ததுபோல ஓர் எரிவு தெரியும், அவ்வளவுதான். ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் கருவாடாக்கினாலும் போகாது. அதனால் இது குசினியில் நடந்த பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிடித்த நேரத்திலிருந்து உங்கள் ஐஸ் பெட்டி வரைக்கும் உள்ள வழியில் எங்கோ மீன் சூடாகக் கிடந்திருக்கிறது.

மூக்கை மட்டும் நம்பி வாங்குவதை இந்த மீன்களில் விட்டுவிட வேண்டும். மெல்லிய கம்பிபோன்ற உணவு வெப்பமானி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். ஐஸில் வைத்திருந்த மீன் என்று சொன்னால் முதுகுப்பக்கத் தடித்த சதைக்குள் முள்ளெலும்பு வரை குத்திப் பாருங்கள். 4 பாகை செல்சியசுக்குள் இருந்தால் எடுங்கள். 10, 12 என்று காட்டினால் மேலே ஐஸ் தூவிக் கொண்டுவந்த மீன் அது. விலை பாதியென்றாலும் விடுங்கள். விடியற்காலைக் கரைவலையில் அப்போதுதான் இழுத்த மீன் சூடாகத்தான் இருக்கும், அதில் பிழையில்லை. அங்கேயே ஐஸில் இறக்க வேண்டும்.

ஐஸ் வைப்பதிலும் பலர் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். எங்கள் வெக்கைக்கு 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் வேண்டும். ரெஜிபோம் பெட்டியின் அடியில் நாலு விரல் உயரம் ஐஸ், மேலே ஒரு வரி மீன், மறுபடி ஐஸ், இப்படியே அடுக்கி மேல்வரி ஐஸாக முடிய வேண்டும். கட்டி ஐஸை நன்றாக நொறுக்காவிட்டால் மீனைக் காயப்படுத்தும், இடையில் காற்றும் நிற்கும். பெட்டியின் அடியில் ஒரு துளை போட்டு உருகும் தண்ணீரை வடியவிடுங்கள். மீன் அந்த இரத்தத் தண்ணீரில் ஊறக் கூடாது. குடலும் பூவும் (செவுளும்) எடுத்துக் கழுவிவிட்டு அடுக்கினால் இன்னும் நல்லது.

ஒரே சூரையில் ஒரு துண்டில் நஞ்சு கூடியும் மற்றதில் குறைந்தும் இருக்கும். நாங்களும் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்சு அதனால் செல்லாது. அன்றைய மீனில் மிச்சம் இருந்தால் எறிந்துவிடுங்கள். உடம்பு அரித்தவர்களை வைத்தியரிடம் அனுப்பிவிட்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மறைத்துப் பிறகு தெரியவந்தால் வாப்பா சேர்த்த பெயர் ஒரு நாளில் போய்விடும்.

கேள்வி (வாழைச்சேனை): களிநண்டு கிலோக் கணக்கில் வாங்குகிறோம். உடைத்தால் சிலதில் சதையே இல்லை, தண்ணீர்தான். இன்னொரு தொல்லை, கொதிதண்ணீரில் போட்டால் கால்கள் எல்லாம் கழன்றுவிடுகின்றன.

பதில்: சதையில்லாதவை அண்மையில் ஓடு கழற்றிய நண்டுகள். புது ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே சதை இன்னும் நிரம்பியிருக்காது, இடத்தைத் தண்ணீர் பிடித்திருக்கும். நண்டைத் திருப்பி, வயிற்றுப் பக்கத்தில் கடைசிக் கால் பொருந்தும் இடத்துக்கு அருகே பெருவிரலால் அழுத்துங்கள். கல்லுப்போல இருந்தால் நிறைந்த நண்டு. அமுங்கினால் தண்ணி நண்டு. கண்ணாலும் பார்க்கலாம்: ஓடு புத்தம்புதிதாக மினுங்கி, கால்நகங்களின் பல் கூராக இருந்தால் சந்தேகப்படுங்கள். கறை படிந்து, தேய்ந்து, சிப்பி ஒட்டிய அழுக்கு நண்டுதான் நல்ல நண்டு. அழகு பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கட்டிய கயிறும் நிறையில் சேரும். ஈரச் சணல்கயிறு தடிப்பாகச் சுற்றியிருந்தால் ஒன்றை அவிழ்த்து நிறுத்துப் பாருங்கள்.

கால் கழல்வது நண்டு தன்னைக் காப்பாற்றச் செய்வது. உயிரோடு திடீரென்று சூட்டில் விழுந்தால் கால்களை உதறிவிடும், அந்தத் துளையால் சதைச்சாறும் வெளியேறும். வெட்டுவதற்கு முன் நொறுக்கிய ஐஸும் உப்புத் தண்ணீரும் கலந்த வாளியில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். அசைவு முற்றாக நின்றபின் வெட்டுங்கள். கால் கழலாது, அந்த உயிருக்கும் வேதனை குறையும்.

உயிர் நண்டை வைத்திருக்க நல்ல தண்ணீர்த் தொட்டி வேண்டாம், அதில் செத்துப்போகும். நனைத்த சாக்கு மூடி, காற்றுப்படும் நிழலில் வையுங்கள். களிநண்டு இப்படி இரண்டு மூன்று நாள் தாங்கும். கடல் நீலக்கால் நண்டு தாங்காது, வாங்கிய உடனேயே ஐஸுக்குப் போக வேண்டும். செத்துக் கிடந்த களிநண்டைச் சட்டிக்குள் போடாதீர்கள். செத்ததும் அதன் குடற்சுரப்பியே சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். கறி மாவாகி நாறுவது அதனால்தான்.

கேள்வி (திருக்கோவில்): கணவாய் ரப்பர்போல ஆகிறது.

பதில்: 2 நிமிடம், அல்லது 40 நிமிடம். இடையில் நிறுத்தினால் ரப்பர்தான். பொரியலுக்கும் பிரட்டலுக்கும் தாச்சி புகையும் சூட்டில், ஒரு நேரத்துக்கு 300 கிராமுக்கு மேல் போடாமல், 2 நிமிடத்தில் எடுங்கள். அள்ளிப் போட்டால் சூடு விழுந்து தண்ணீர் ஊறி, பொரிவதற்குப் பதில் அவியும். கறியென்றால் சிறு தீயில் 40 நிமிடம் விடுங்கள், இறுகிய நார் கரைந்து மெதுவாகும்.

கேள்வி (காத்தான்குடி): நாள் முழுக்கக் கடை நிறைந்திருக்கிறது, மாத முடிவில் கையில் ஒன்றும் இல்லை. இறால் கிலோ விலையை வைத்துத்தான் விலை போடுகிறோம். எங்கே ஓட்டை?

பதில்: உங்கள் கேள்வியிலேயே ஓட்டை இருக்கிறது. சந்தையில் நீங்கள் காசு கொடுப்பது தலைக்கும் ஓட்டுக்கும் சேர்த்து. கோப்பையில் போவது சதை மட்டும். கணக்கு விளங்க, தலையோடு 1 கிலோ இறால் 1800 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தலையும் ஓடும் நரம்பும் எடுத்தால் ஏறத்தாழ 550 கிராம் தேறும். அப்படியானால் உரித்த இறால் கிலோ 3273 ரூபா. ஒரு கோப்பைக்கு 150 கிராம் போட்டால் 491 ரூபா. 1800 ரூபாவை வைத்துக் கணக்குப் பார்த்தவருக்கு அது 270 ரூபா என்று தெரியும். ஒவ்வொரு கோப்பையிலும் 221 ரூபா கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நாளுக்கு 30 கோப்பை என்றால் 6630 ரூபா.

நண்டுக்கு வேறு வகைக் கழிவு. 10 கிலோ வாங்கினால் செத்தது, தண்ணி நண்டு என்று 1 கிலோவாவது போகும். கிலோ 2000 என்றால் 20,000 ரூபாவை 9ஆல் வகுங்கள், உண்மை விலை 2222. 600 கிராம் நண்டுக்கு 1333 ரூபா, தேங்காய், தூள், எரிவாயு என்று 250 சேர்த்தால் 1583. பொருள் செலவு விற்பனை விலையில் 40 வீதத்துக்குள் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 3960 ரூபா போட வேண்டும். அந்த விலைக்கு ஊரில் ஆள் வராது என்றால் நண்டைச் சின்னதாக எடுங்கள். 600 கிராம் என்று எழுதிவிட்டு 450 கிராம் வைப்பது மட்டும் வேண்டாம். மீன் வாங்கிப் பழகிய ஊர் இது, கையில் தூக்கினாலே தெரிந்துவிடும்.

உங்கள் கடையின் தேறல் அளவை நீங்களே எடுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் மூன்று தடவை, வெட்டுமுன்னும் பின்னும் நிறுத்தால் போதும். வெட்டுகிற ஆளின் கை மாறினால் தேறலும் மாறும். மீன் தலைகளையும் கழிவில் சேர்க்க வேண்டாம். விளைமீன், செப்பலித் தலை சொதிக்கு வேண்டுமென்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (பொத்துவில்): ஒக்டோபர் முடிந்தால் சுற்றுலாக்காரர் இல்லை, கடலும் அடிக்கும். மெனு அட்டையில் 30 வகை இருக்கிறது, பாதிக்கு "இல்லை" சொல்ல வேண்டியிருக்கிறது. உறைந்த மீனை வாங்கி நிரப்பலாமா?

பதில்: அட்டையைச் சுருக்குங்கள். வருடம் முழுக்கக் கிடைக்கும் 8 வகையை அச்சடித்துவிட்டு மற்றதைக் கரும்பலகையில் காலையில் எழுதுங்கள். "இன்று இல்லை" என்று சொல்லும் கடைமேல் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை குறையாது. எல்லாம் எப்போதும் இருக்கும் கடைதான் ஐயப்பட வேண்டிய கடை.

வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்கு வள்ளம் இறங்காவிட்டாலும் களப்புகள் கைவிடாது. உங்களுக்கு அறுகங்குடாவும் கோமாரியும், வடக்கே போனால் 56 கிலோமீற்றர் நீள மட்டக்களப்பு வாவியும் இருக்கின்றன. மணலை, ஓட்டி, கொடுவா, களப்பு இறால் வரும். மழையில் உவர்ப்பு குறையும்போது இறாலும் நண்டும் கடலை நோக்கி நகரும். பாலமீன்மடு, கல்லாறு போன்ற முகத்துவாரப் பக்கங்களில் அப்போது விசாரியுங்கள்.

உறைய வைப்பதென்றால் மீன் மலிந்த மாதங்களில் நீங்களே செய்யுங்கள். விளைமீன், பாரை, கொடுவா போன்ற கொழுப்புக் குறைந்தவை -18 பாகையில் நாலைந்து மாதம் தரம் கெடாமல் நிற்கும். சாளை, சூரை, கும்பளா இரண்டு மாதத்தில் எண்ணெய் காறிவிடும். 1 கிலோவுக்கு மேற்படாத தட்டையான பொதிகளாகக் காற்றில்லாமல் கட்டுங்கள். தடித்த பொதி மெதுவாக உறையும், பெரிய ஐஸ் பளிங்குகள் சதையைக் கிழிக்கும், இளக்கியதும் சாறெல்லாம் ஓடிவிடும். இளக்குவது முதல்நாள் இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில். குழாய்த் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். உறைந்த மீனை உறைந்த மீன் என்றே பலகையில் எழுதுங்கள்.

எங்களுக்கு அதைவிடப் பிடித்த வழி கருவாடு. கச்சான் காற்று வறட்டும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு வைத்துப் போட்டு, மணலில் பரப்பாமல் பரண் கட்டிக் காயவிட்டால் மாரிக்குக் கத்தரிக்காயோடு காய்ச்ச ஒரு நல்ல கறி கையில் இருக்கும்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): பொரிக்கும்போது மீன் தாச்சியில் ஒட்டி உடைகிறது. எண்ணெயை எத்தனை தடவை பாவிக்கலாம்?

பதில்: ஈரம்தான் காரணம். உப்பும் மஞ்சளும் கொச்சிக்காய்த் தூளும் பிரட்டி 20 நிமிடம் வைத்தபின் ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுத் துணியால் ஒற்றுங்கள். எண்ணெய் 175 முதல் 180 பாகையில் இருக்கட்டும். போட்டவுடன் புரட்டாதீர்கள், அடிப்பக்கம் மொறுகினால் தானாகவே விடும். எண்ணெயை ஒவ்வொரு இரவும் வடித்துத் தூள்கரியை நீக்குங்கள். தடவைக் கணக்கை நம்ப வேண்டாம். நுரை அடங்காமல் நின்றால், வழக்கத்துக்கு முன்பே புகைந்தால், பிசுபிசுத்தால் ஊற்றிவிடுங்கள். பழைய எண்ணெய்மேல் புதிது விட்டால் புதிதும் சீக்கிரம் கெடும். இறால் பொரித்த எண்ணெயில் மரக்கறி பொரித்துக் கொடுக்காதீர்கள். இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிராபத்து. சைவம் கேட்டு வந்தவருக்கு நீங்கள் செய்யும் துரோகமும்கூட.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): மின்சாரம் நின்றால் டீப் ஃப்ரீசரில் உள்ளது எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: நிறைந்த பெட்டி, திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணித்தியாலம். பாதி நிறைந்ததென்றால் 24. வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி உறைய வையுங்கள். திறந்து பார்க்கும்போது சதைக்குள் ஐஸ் பளிங்கு இன்னும் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், தரம் கொஞ்சம் குறையும். முழுக்க இளகியும் குளிர் விடாதிருந்தால் அன்றே காய்ச்சி விற்றுவிடுங்கள். குளிர் விட்டிருந்தால் எறியுங்கள்.

கேள்வி (ஏறாவூர்): மீன் கொண்டுவருகிறவர் தோலுரித்த பேத்தை மீனையும், சில நாள் முட்டையோடு சிங்கி இறாலையும் தருகிறார். எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது, மூச்சை நிறுத்தும், மாற்றுமருந்து கிடையாது. தோலுரித்து வந்தால் என்ன மீன் என்றே உங்களுக்குத் தெரியாது. தலையில்லாத, பெயர் தெரியாத எந்த மீனையும் வாங்காதீர்கள். முட்டை சுமந்த சிங்கி இறாலைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி தடை. அந்த வயிற்றில் இருப்பது நாளைய சிங்கிகள்.

கேள்வி (அக்கரைப்பற்று): நாங்கள் இரண்டு அண்ணன்தம்பி, தங்கச்சி மாப்பிள்ளை, மூவரும் ஒரே கடையில். கல்லாப்பெட்டியில் தேவைக்கு எடுக்கிறோம். இப்போது மனக்கசப்பு வருகிறது.

பதில்: மூன்று பேருக்கும் மாதச் சம்பளம் போடுங்கள், வேலைக்கு ஏற்றபடி. விடிய 4 மணிக்குக் கடற்கரைக்குப் போகிறவருக்கும் 11 மணிக்குக் கல்லாவில் உட்காருகிறவருக்கும் ஒரே தொகை என்பது நியாயமாகாது. இலாபப் பங்கு அதற்குப் பிறகு, வருடத்துக்கு ஒருமுறை. வெளியாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதி (அவர்கள் 8 வீதம், நீங்கள் 12), ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் தவறாமல் கட்டுங்கள். இடையில் யார் காசு எடுத்தாலும் துண்டு எழுதிக் கல்லாவில் போட வேண்டும், அம்மா எடுத்தாலும்.

இரவு எண்ணியவுடன் முதலில் ஒதுக்க வேண்டியது அடுத்தநாள் மீன் காசு. தோணிக்காரருக்குக் கையோடு காசு கொடுக்கும் கடைக்குத்தான் நல்ல மீன் முதலில் வரும். கடன் சொல்லும் கடைக்கு மிச்சம் வரும், அதையும் வாங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் மனக்கசப்பு சட்டிக்குள் போய்ச் சேரும் வழி இதுதான். மீன் வாங்குகிறவர் நிறையையும் விலையையும் எழுதி வர, கடையில் இன்னொருவர் மறுபடி நிறுத்து ஒப்பம் வைக்கட்டும். யாரையும் சந்தேகிப்பதற்கல்ல, ஐஸ் தண்ணீரின் நிறை எவ்வளவு என்று தெரிவதற்கு.

கொப்பியின் பக்கங்களை வாரம் ஒருமுறை கைத்தொலைபேசியில் படம் எடுத்து மூன்று பேரும் வைத்திருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட கரையில், ஒரே ஒரு கொப்பியை ஒரே ஒரு லாச்சிக்குள் வைப்பது போதாது.